திருந்திய வாசகி

பார்லர் அக்கா செய்த குற்றம் இவ்வளவுதான்: ஒரு நாவலைப் படித்தாள். எப்படி இருந்தது என்று கேட்டார்கள். எப்படி இருந்ததோ அப்படியே சொல்லிவிட்டாள்.

கேட்டவர் தெருமுனை நூலகத்தின் நூலகர். மெலிந்த மனிதர். வெயிலோ குளிரோ, சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். முன்பெல்லாம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தால் பேசாமல் வாங்கி அடுக்கிவிடுவார். நாவல் தர வாரியம் என்று ஒன்று கிளம்பிய பிறகு நிலைமை மாறிவிட்டது. திரும்பி வரும் ஒவ்வொரு நாவலுக்கும் வாசகரின் கருத்தை வாய்மொழியாகக் கேட்டு, கணினியில் அடித்து, வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. கூடவே இன்னோர் உத்தரவும் இருந்தது. யாராவது ஆசைப்பட்டு ஒரு நாவலை எடுத்தால், வாரியம் அங்கீகரித்த பேரிலக்கியம் ஒன்றையும் சேர்த்தே எடுத்துப் போக வேண்டும். கசாயம் குடித்தால்தான் மிட்டாய் என்று பிள்ளைகளிடம் சொல்வோமே, அந்த ஏற்பாடு.

அக்கா அன்றைக்கு மிட்டாய் ஒன்றும் கசாயம் ஒன்றும் திருப்பிக் கொடுத்தாள். மிட்டாய், பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் கதையம்மா எழுதியது. விவாகரத்து வாங்கிய ஒரு ஜோடி, மறுநாளே ஒரே லிஃப்டில் மாட்டிக்கொள்கிறது. கதை முழுக்க லிஃப்டுக்குள்தான். கசாயம், காலமான ஒரு பெரியவர் எழுதியது. அதன் பெயரை உச்சரிப்பதே மரியாதைக் குறைவு என்று வாரியத்தில் ‘அந்நூல்’ என்றுதான் சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்லிவிடுவோம், எதற்கு வம்பு?

“கருத்து?” என்றார் நூலகர்.

“லிஃப்ட் கதை சூப்பர் சார். அவன் அவ கையைப் பிடிக்கிற இடத்துல தேம்பித் தேம்பி அழுதுட்டேன். ஒரு கஸ்டமருக்கு டை போட்டு உட்கார வச்சிருந்தேன். அதையே மறந்துட்டேன்னா பாருங்க.”

“அந்நூல்?”

“அதுவா? மழை பெய்யுது சார். முதல் அத்தியாயத்துல பெய்யுது. ரெண்டாவதுலயும் பெய்யுது. மூணாவதுல நான் தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா இன்னும் பெய்யுது.”

நூலகரின் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றன. “இதை இப்படியே அடிக்கவா?” என்று தணிந்த குரலில் கேட்டார். அது தனக்காக விட்ட எச்சரிக்கை என்று அக்காவுக்கு உறைக்கவில்லை.

“அடிங்க சார். நான் என்ன பொய்யா சொல்றேன்?”

*

இரண்டொரு நாளில் வாரியத்தின் காவலாளி பார்லருக்கே வந்து நின்றான். பெண்கள் மட்டும் வரும் இடம் என்று வெளியில் பலகை இருந்ததால் உள்ளே வராமல், கண்ணாடிக் கதவை விரல் நுனியால் தட்டி, “கருத்து சொன்ன அம்மா யாரு?” என்றான். முகத்தில் களிம்பு பூசிப் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

வாரியம் ஒரு பழைய வரி அலுவலகத்தில் இருந்தது. சுவரெல்லாம் வெளிறிய பச்சை. வாசலில் அந்நூலை எழுதிய பெரியவரின் சிலை. விசாரணை அறையில் நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். அக்காவின் தொழில் கண் முதலில் முடியைத்தான் பார்த்தது. நடுவில் இருந்த தலைவருக்குத் தலை பஞ்சாக வெளுத்திருந்தது, மீசைக்கு மட்டும் கன்னங்கரேலென்று சாயம். அவருக்கு வலப்பக்கம் ரசனை அதிகாரி அம்மா. புருவத்தை யாரோ அளவுக்கு மீறிப் பிடுங்கி வைத்திருந்ததால் எந்நேரமும் வியப்பில் இருப்பது போலத் தெரிந்தாள். இடப்பக்கம் செயலாளர். விதிப் புத்தகத்தைத் தூங்கும் குழந்தையைப் போல மடியில் கிடத்தியிருந்தார்.

“அந்நூலைப் பற்றி...” என்று தலைவர் ஆரம்பித்ததும் மூன்று பேரும் நாற்காலியிலிருந்து அரையடி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்கள். ஏதோ குத்திவிட்டது போலிருக்கிறது என்று அக்கா நினைத்தாள். “அந்நூலின் பெருமையை...” என்றார். மறுபடி எழுந்தார்கள். அந்தச் சொல் வரும்போதெல்லாம் எழ வேண்டும் என்று செயலாளர் சைகை காட்டினார். இடுப்புவலிக்காரியான அக்காவும் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “நாங்க மக்களுக்கு விரோதி இல்லம்மா. இலக்கியமே மக்களுக்காகத்தான். அதுல மக்களோட கை பட்டு அழுக்காயிடக் கூடாதுன்னுதான் இந்த வாரியம். அந்நூலை நான்...” எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். “...வாழ்நாள் முழுக்கப் படிச்சுக்கிட்டே இருக்கேன். ஒரு தடவைகூட எனக்குப் பிடிச்சதில்ல. அதுதான் அதோட மேன்மை. பிடிச்ச புத்தகத்தை யார் வேணும்னாலும் படிச்சிரலாம். பிடிக்காததைத் திரும்பத் திரும்பப் படிக்கத்தான் பயிற்சி வேணும். எனக்கு முனைவர் பட்டம் பின்ன எதுக்குக் கொடுத்தாங்கன்னு நினைக்கிறீங்க?”

“தெரியாம சொல்லிட்டேன் சார். தூக்கம் வந்துருச்சு.”

ரசனை அதிகாரி அம்மா பரிவோடு முன்னால் சாய்ந்தாள். “நீங்க தூங்கினதுல தப்பே இல்ல. நாங்க எல்லாருமே தூங்கியிருக்கோம். ஆனா நாங்க அதைத் தியானம்னு சொல்லுவோம்.”

தீர்ப்பு உடனே வந்தது. சிலையின் முன் மன்னிப்புக் கேட்க வேண்டும். ரசனைத் திருத்தப் பயிற்சிக்கு வர வேண்டும். இரண்டையும் செய்தால் நூலக அட்டை பிழைக்கும்.

“அப்புறம் அந்த இன்னொரு நாவல்,” என்றார் செயலாளர், முதல் தடவையாக வாயைத் திறந்து. “அதைக் கடைசிப் பக்கம்வரை படிச்சீங்களா?”

அக்காவுக்கு உயிர் வந்தது. கதையம்மாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல இடம் கிடைத்ததே! “ஒரே மூச்சுல படிச்சேன் சார்.”

“அழுதீங்க?”

“தேம்பித் தேம்பி.”

“வேற யாராவது?”

“எங்க பார்லருக்கு வர்ற எல்லாரும்தான். என் நாத்தனார் ரெண்டு தடவை படிச்சா. எங்க வீட்டுக்காரர் மட்டும்தான், லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, எமர்ஜென்சி பெல்லை ஏன் அமுக்கலன்னு கேட்டுப் புத்தகத்தோட சண்டை போட்டாரு. அவரும் விடாம கடைசிவரை படிச்சாரு சார்.”

செயலாளர் புன்னகைத்தார். அந்தப் புன்னகை அக்காவுக்குப் பிடித்திருந்தது. மூன்று பேரில் இவர்தான் நல்ல மனிதர் என்று வீட்டில் போய்ச் சொன்னாள்.

*

மறுநாள் காலை சிலையின் முன் நிறுத்தினார்கள். செயலாளர் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள்: “தூங்கியது என் குற்றம். எழுதியது உங்கள் குற்றம் அல்ல.” பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவளிடம் முடிவெட்டிக்கொள்கிறவர்கள்.

பயிற்சியை ரசனை அதிகாரி அம்மா நடத்தினாள். ‘சூப்பர்’, ‘செம’, ‘கீழேயே வைக்க முடியல’ எல்லாம் விலக்கப்பட்ட சொற்கள். ‘ஆழமானது’, ‘கனமானது’, ‘நம்மை ஏதோ செய்கிறது’ ஆகியவை அனுமதிக்கப்பட்டவை. என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பிறகு முகப் பயிற்சி. பக்கத்தைப் புரட்டும்போது நெற்றியைச் சுருக்கி, ஒரு விரலைக் கன்னத்தில் ஊன்றி, மூக்கால் பெருமூச்சு விட வேண்டும்.

“இப்படியே சுருக்கினா நெத்தியில கோடு விழுந்துரும் மேடம்,” என்றாள் அக்கா.

“விழணும். அதுதான் வாசகருக்கு அழகு.”

கடைசியாக, வாரியத்தின் முதல் விதியை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்தது போல எல்லாரும் சேர்ந்து ராகம் போட்டுச் சொன்னார்கள்: ‘எந்த நாவல் பொதுமக்களால் கடைசிப் பக்கம்வரை படிக்கப்பட்டு, மகிழ்ச்சியோடு பேசப்படுகிறதோ, அந்த நாவல் மலிவானது எனக் கொள்ளப்பட்டு, நூலகங்களிலிருந்து அகற்றப்பட்டுக் கூழாக்கப்படும்.’ ஒப்பிக்கும் மும்முரத்தில் அக்கா அதன் பொருளைக் கவனிக்கவில்லை. அவளுக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

முடிவில் ஒரு சிறு விழா எடுத்து, ‘திருந்திய வாசகி’ என்ற பட்டயத்தைத் தலைவரே அவள் கையில் கொடுத்தார். “உங்க சாட்சியத்துக்கு வாரியம் கடமைப்பட்டிருக்கு,” என்றும் சொன்னார். என்ன சாட்சியம் என்று கேட்பதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

கதையம்மா பார்லருக்கு வந்த அன்றுதான் அது என்னவென்று தெரிந்தது. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள், ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, மாதம் தவறாமல் சாயம் போட்டுக் கம்பீரமாக நடப்பவள். அன்று தலையில் பாதி வெள்ளையோடு வந்து, நாற்காலியில் உட்காராமல் வாசலிலேயே நின்றாள்.

“என் புத்தகம் அத்தனையும் எடுத்துட்டாங்க. இந்த ஒண்ணு மட்டும் இல்ல, இதுவரை எழுதினது மொத்தமும். லாரில ஏத்திட்டுப் போய்க் கூழாக்கிட்டாங்களாம். ஏன்னு கேட்டேன். ஒரு பார்லர்காரி தேம்பித் தேம்பி அழுததுக்குச் சாட்சி இருக்குன்னாங்க. நீதானே?”

அக்காவின் கையில் இருந்த சீப்பு நழுவியது. “நல்லா இருக்குன்னுதானேம்மா சொன்னேன்.”

“அதைத்தான் கேக்குறேன். உன்னை யாரு நல்லா இருக்குன்னு சொல்லச் சொன்னது?”

லிஃப்டுக்குள் ஒரு ஜோடியை அடைத்து ஊரையே அழவைத்தவள், பார்லர் வாசலில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சினாள். சாயம் வேண்டாம் என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் அக்கா தட்டை வைத்த வேகத்தில் மெக்கானிக் புருஷன் நிமிர்ந்து பார்த்தார்.

“விடும்மா. பெரிய இடம். நமக்கு எதுக்கு?”

“என்னை மன்னிப்புக் கேக்க வச்சாங்க, சரின்னு விட்டேன். நெத்தியில கோடு விழ வச்சாங்க, அதையும் விட்டேன். என் வாயாலயே ஒரு பொம்பளையோட பொழைப்பைக் கெடுத்துட்டு, அதுக்கு எனக்குப் பட்டயம் வேற கொடுக்குறாங்க. இதையும் விடச் சொல்றீங்களா?”

“என்ன பண்ணப் போற?”

“தெரியல. ஆனா பண்ணாம விடமாட்டேன்.”

அவர் குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். இப்படி ஒரு குரலை அவர் கல்யாணமான இத்தனை வருஷத்தில் சில தடவைதான் கேட்டிருக்கிறார். அந்தச் சில தடவையும் எதிராளிதான் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்.

*

வழி கிடைத்தது ஹேர் டிரையரின் இரைச்சலில். யாருக்கோ முடியை உலர்த்திக்கொண்டே, வயிற்றெரிச்சலில் அந்த விதியைப் பல்லைக் கடித்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். “எந்த நாவல் பொதுமக்களால்...” சட்டென்று டிரையரை நிறுத்தினாள்.

“எந்த நாவல்,” என்றாள் மறுபடி. “ஏய், எந்த நாவல்னுதானே சொல்லுது? எந்த நாவலா இருந்தாலும்தானே?”

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்தாள். “என்ன அண்ணி?”

“நூலகத்துக்குப் போய் அந்நூலை எடுத்துட்டு வா.” சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் நின்ற இடத்திலேயே அரையடி எழும்பினாள்.

தலையில் சாயம் பூசியவள் தப்பித்து ஓட முடியாது. அக்காவின் திட்டமே அதை நம்பித்தான். சாயம் பூசி உட்கார வைத்ததும் நாத்தனார் அந்நூலை உரக்கப் படிப்பாள். ஆரம்பத்தில் பலிக்கவில்லை. மழை பெய்தது. பெய்துகொண்டே இருந்தது. பத்திர எழுத்தர் வீட்டம்மா, “எனக்கு வெள்ளை முடியே போதும்,” என்று தானே குழாயைத் திறந்து தலையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். இன்னொருத்தி, பேசாமல் டிரையரை என் காதுக்குள் வை என்றாள். அக்கா அசரவில்லை. பழிவாங்க நினைப்பவளுக்கு இருக்கும் பொறுமை, ரசிக்க நினைப்பவளுக்கு இருக்காது.

கதை இதுதான். அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நடுவில் ஒரு சுவர் எழுப்புகிறார்கள். சுவர் யாருடையது என்று வழக்கு. புருஷன்மார் முகம் பார்ப்பதில்லை. பெண்டாட்டிமார் இரண்டு பேரும் சுவரில் ஓர் ஓட்டை போட்டு, அதன் வழியாக ஊர்வம்பு பேசுகிறார்கள். அண்ணன் வழக்குக்காகப் படகேறி நகரத்துக்குப் போகிறான். அவன் போனதிலிருந்து மழை.

நாத்தனார் கொட்டாவி விட்டுக்கொண்டே நாலாவது மழையைப் படித்துக்கொண்டிருந்தபோது, முகத்தில் களிமண் பூசிப் படுத்திருந்த தட்டச்சுக்காரி கண்ணைத் திறக்காமல் கேட்டாள்:

“இரு, இரு. அந்தச் சுவர் என்ன சுவர்?”

நாத்தனார் பின்னால் புரட்டிப் பார்த்தாள். “மண் சுவர்.”

“சுட்ட கல்லா, பச்சை மண்ணா?”

“பச்சை மண்ணுன்னுதான் போட்டிருக்கு.”

தட்டச்சுக்காரி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். முகத்துக் களிமண் விரிசல்விட்டு உதிர்ந்தது. “அடியே, அப்போ அந்த மழை சும்மா பெய்யலடி! சுவரைக் கரைச்சுக்கிட்டு இருக்கு! அந்தாளு அங்க சுவருக்காகக் கோர்ட்ல நிக்கிறான், இங்க சுவர் கரைஞ்சுக்கிட்டு இருக்கு!”

பார்லரில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். “படி, படி! நிறுத்தாதே!”

அண்ணன் வழக்கில் ஜெயிக்கிறான். தீர்ப்பைச் சட்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, நனையாமல் காப்பாற்றி, ஊர் வந்து சேர்கிறான். வீட்டில் சுவர் இல்லை. பெண்டாட்டிமார் இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஓட்டை இல்லாமலே வம்பு பேசிக்கொண்டிருக்கிறார்கள். தம்பி, அண்ணனின் கட்டிலில் படுத்துக் குறட்டை விடுகிறான். தீர்ப்பைச் சம்பந்தப்பட்ட சுவரில் ஒட்ட வேண்டும் என்பது கோர்ட் உத்தரவு. அண்ணன் வாசலில் நின்று கேட்கிறான்: ‘தீர்ப்பை எங்கே ஒட்டுவது?’

அந்த வரியில் பார்லர் வெடித்தது. ஒருத்திக்கு விக்கல் வந்துவிட்டது. அக்கா ஷாம்பு கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு எரிச்சலில் துடித்தாள். துடிக்கும்போதும் சிரித்தாள். பழிவாங்க எடுத்த புத்தகம் அவளுக்கே நிஜமாகப் பிடித்துப் போயிற்று. அது அவள் கணக்கில் இல்லாத விஷயம். இப்படி ஒரு கதையையா கசாயம் என்று சொல்லிக் கொடுத்தார்கள் என்று நினைத்தபோது, வாரியத்தின் மேல் இருந்த ஆத்திரம் இன்னும் ஒரு மடங்கு கூடிற்று.

அதற்குப் பிறகு அவள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பெண்கள் வீட்டுக்குப் போய்ப் புருஷன்மாருக்குச் சொன்னார்கள். அண்ணன் பக்கம் நியாயம் என்று ஆண்களில் ஒரு கூட்டம், தம்பி பெண்டாட்டிதான் ஓட்டையைப் பெரிதாக்கிச் சுவரைக் கவிழ்த்தாள் என்று இன்னொரு கூட்டம். மெக்கானிக், எங்கேயாவது லிஃப்ட் பழுதாகிக் கிடக்க, அது நன்றாக ஓடுகிறது என்ற சான்றிதழ் மட்டும் வந்து சேர்ந்தால், “தீர்ப்பை எங்கே ஒட்டுவது?” என்று கேட்க ஆரம்பித்தார். நூலகத்தில் அந்நூலுக்கு வரிசை நின்றது. கருத்து கேட்டால் வாசகர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நூலகர் அதை அப்படியே அடித்தார். மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு அடித்தார்.

இந்தக் கூத்தில் சந்தோஷப்படாத ஆள் கதையம்மா ஒருத்திதான். “அப்படி ஒண்ணும் ஆஹா ஓஹோன்னு இல்ல,” என்றாள், அக்கா விவரம் சொல்லப் போனபோது. “சுவர் விழுறதை நான் எழுதியிருந்தா ரெண்டாவது அத்தியாயத்துலயே விழ வச்சிருப்பேன்.”

*

வெயில் ஏறிய ஒரு காலையில் அக்கா வாரியத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தாள்.

“யார் மேல?” என்றார் செயலாளர்.

“அந்நூல் மேல சார். எங்க தெரு முழுக்க அதை ரசிக்குது. கடைசிப் பக்கம்வரை படிக்குதுங்க. கேக்கவே காது கூசுது. திருந்திய வாசகின்ற முறையில சொல்லாம இருக்க முடியல.”

பொதுமக்கள் புகார் கொடுத்தால் பொது அரங்கில் விசாரிக்க வேண்டும் என்பது விதி. விதியை மீறுவதைவிடச் செயலாளர் தன் விரலை வெட்டிக்கொள்வார். தவிரவும், தலைவரின் நாற்காலி தன்னுடையதைவிட உயரமாக இருப்பதில் அவருக்கு நெடுநாள் மனக்குறை.

விசாரணை அன்று அரங்கில் நிற்க இடமில்லை. முடிவெட்டிய தலை, வெட்டாத தலை, சாயம் பூசிக் கழுவாமல் ஓடி வந்த தலை என்று தெருவே வந்திருந்தது. ‘அந்நூல்’ என்ற சொல் வரும்போதெல்லாம் மொத்தக் கூட்டமும் எழுந்து உட்கார்ந்ததில், பின்வரிசைப் பெஞ்சு ஒன்று முறிந்தது.

முதல் சாட்சி தட்டச்சுக்காரி. “சூப்பர் சார்,” என்றாள். ரசனை அதிகாரி அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவது, சாயம் வேண்டாம் என்று ஓடிப்போன பத்திர எழுத்தர் வீட்டம்மா. “கீழேயே வைக்க முடியல. குக்கர் விசில் அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சு போச்சு,” என்றாள்.

தலைவர் எழுந்தார். “நிறுத்துங்க. அது நாகரிகத்தின் சரிவு. அந்த மழை மனித இருப்பின் வெறுமை. அதைத்தான் என் வாழ்க்கை முழுக்கச் சொல்லிக்கிட்டு இருக்கேன். அதுல சிரிக்க என்ன இருக்கு?”

“சொல்றேன் சார்,” என்று மெக்கானிக் எழுந்தார். அவருக்கு மேடைப் பேச்சு வராது. வராததால் நடித்துக் காட்டினார். நனையாமல் தீர்ப்பை அணைத்துக்கொண்டு அண்ணன் படகிலிருந்து இறங்கும் நடை, பெருமிதமாகத் தோளை நிமிர்த்தி வாசலுக்கு வருவது, இல்லாத சுவரில் தீர்ப்பை ஒட்டப்போய்க் கை காற்றில் அலைவது, கட்டிலில் தம்பியின் குறட்டை. அரங்கம் அதிர்ந்தது. கடைசியில் அவர் தலைவரின் முகத்துக்கு நேராகவே திரும்பி, பரிதாபமாகக் கேட்டார்: “தீர்ப்பை எங்கே ஒட்டுவது?”

தலைவரின் கருத்த மீசை துடித்தது. உதட்டைக் கடித்தார். கன்னம் உப்பியது. எத்தனையோ வருஷமாக அடைத்து வைத்திருந்தது, தும்மல் மாதிரி, ஒரு பெருஞ்சத்தத்தோடு வெளியே வந்துவிட்டது. மேசையில் கையை அடித்து அடித்துச் சிரித்தார். கண்ணில் நீர் வந்து மீசைச் சாயம் கரைந்து தாடையில் வழிந்தது.

செயலாளர் அவர் சிரித்து முடிக்கும்வரை மரியாதையோடு காத்திருந்தார். பிறகு சொன்னார்: “தலைவர் மகிழ்ந்தார் என்று பதிவு செய்யப்படுகிறது. புகார் ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. அந்நூல் மலிவானது. நாளைக் காலை லாரி வரும். வாசல் சிலையையும் அதிலேயே ஏற்றிவிடலாம்.”

தலைவரின் முகத்திலிருந்து சிரிப்பு வழித்தெடுத்தது போல மறைந்தது. தன் பட்டம், தன் உரைகள், தன் உயரமான நாற்காலி எல்லாம் அந்த லாரியில் ஏறிப் போவதைப் பார்த்தார். கூட்டத்தை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“யாராவது ஒருத்தர்... ஒரே ஒருத்தர்... போரடிச்சுதுன்னு சொல்லுங்கம்மா. போதும்.”

யாரும் சொல்லவில்லை. அவர் கண் அலைந்து அக்காவிடம் வந்து நின்றது. மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

“நீங்க சொன்னீங்களே அம்மா! தூக்கம் வந்துச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க! அதை இன்னொரு தடவை சொல்லுங்க. உங்க கருத்து அது. உங்க சொந்தக் கருத்து!”

அக்கா அவரை நிதானமாகப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். ஒரு விரலைக் கன்னத்தில் ஊன்றினாள். மூக்கால் பெருமூச்சு விட்டாள்.

“அந்தக் கருத்துக்குத்தான் நடுத்தெருவுல மன்னிப்புக் கேக்க வச்சீங்களே ஐயா. நான் திருந்திட்டேன். பட்டயம்கூட நீங்கதானே கொடுத்தீங்க?”

“என்னதாம்மா பண்ணச் சொல்றீங்க?”

“என்னைக் கேட்டா? விதியைக் கேளுங்க.”

தலைவர் செயலாளரிடம் திரும்பி, அந்த விதியை நீக்கிவிடலாமே என்று கெஞ்சினார். செயலாளர் மடியிலிருந்த புத்தகத்தைத் தடவிக்கொடுத்தார். “நீக்கணும்னா வாரியம் கூடணும். கூடினா நிலுவையில இருக்கிற தீர்ப்பை முதல்ல நிறைவேத்தணும். விதியே இல்லாமப் போகணும்னா, வாரியமே இல்லாமப் போகணும்.” விதிகளைத் துல்லியமாகச் சொன்ன திருப்தி அவர் முகத்தில் பளபளத்தது.

“அப்போ வாரியத்தைக் கலைச்சுட்டேன்!” என்று தலைவர் கத்தினார். “இந்த நிமிஷத்திலேருந்து வாரியம் இல்ல! விதி இல்ல! லாரி இல்ல!”

கூட்டம் எழுந்து ஆரவாரித்தது. செயலாளரும் விதிப்படி கலைக்கப்பட்டதா என்று சரிபார்த்து, ஆம் என்று தலையாட்டினார். தலையாட்டி முடித்த பிறகுதான் தனக்கும் வேலை போய்விட்டது என்று அவருக்கு விளங்கிற்று. அரங்கம் காலியான பிறகும், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். இனி எழலாமா கூடாதா என்று சொல்ல விதி ஒன்றும் இல்லை.

*

கதையம்மாவின் லிஃப்ட் கதை மறுபடி அச்சாகி வந்தது. கூழான புத்தகம் என்று பெயர் பரவியதில் முன்னைவிட நன்றாகவே விற்றது. கதையம்மா தலையை நிமிர்த்திக்கொண்டு பார்லருக்கு வந்து, சாயத்துக்கு உட்கார்ந்தாள்.

“எனக்காக ஒரு வாரியத்தையே கவுத்துட்டே,” என்றாள் கண்ணாடியில் அக்காவைப் பார்த்து. “உன்னை மாதிரி ஒரு வாசகி யாருக்குக் கிடைப்பா? இப்போ நிஜமா சொல்லு. கதை எப்படி இருந்துச்சு?”

அக்கா பிரஷ்ஷை வைத்துவிட்டு யோசித்தாள். இனி எதற்குப் பயம்?

“முக்கால்வாசி பிரமாதம்மா. கடைசில லிஃப்ட் திறந்த பிறகும் அவங்க ரெண்டு பேரும் உள்ளேயே நின்னு பக்கம் பக்கமா பேசுறாங்க பாருங்க, அது கொஞ்சம் இழுவை.”

கதையம்மா சாயத் தலையோடு எழுந்தாள். “உனக்கு ரசனைன்னா என்னன்னு தெரியுமாடி?” என்று கேட்டுவிட்டு, மேலே போட்டிருந்த துணியோடு தெருவில் இறங்கி நடந்துவிட்டாள். துணியைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை.

அவளுடைய அடுத்த நாவல் வெளிவந்ததும் நாத்தனார் ஓடிப்போய் வாங்கி வந்தாள். முதல் பக்கத்திலேயே, வாய் நீளமான ஒரு பார்லர்காரி, ஷாம்பு கொட்டிய தரையில் வழுக்கி, பின்மண்டையில் அடிபட்டுச் செத்துப்போகிறாள். இடுப்புவலி, லிஃப்ட் மெக்கானிக் புருஷன், எல்லாம் அச்சு அசல். ஷாம்புவை வேண்டுமென்றே கொட்டி அவளைக் கொன்றது யார் என்பதுதான் மிச்சக் கதை. சந்தேகப்பட வேண்டியவர்கள் என்று ஊரில் பாதிப் பேர்.

பார்லரில் எல்லாரும் அக்காவின் முகத்தையே பார்த்தார்கள். “அண்ணி, கோவம் வரலையா?” என்றாள் நாத்தனார் மெல்ல.

அக்கா மூக்கை உறிஞ்சினாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “கோவமா? ரெண்டாவது அத்தியாயத்துல என் பொணத்தைச் சுத்தி எல்லாரும் உட்கார்ந்து அழறாங்களே, அதை என்னாலயே தாங்க முடியலடி. நல்லா எழுதியிருக்காங்க. யாரு வேணும்னாலும் வந்து கேக்கட்டும், நல்லா எழுதியிருக்காங்கன்னுதான் சொல்லுவேன்.”

புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தாள். கதையம்மாவுக்கு வேறு பார்லர் எதுவும் ஒத்துவரவில்லையாம். நாளைக்கு முடிவெட்ட வருவதாகக் காலையில்தான் ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, இழுப்பறையைத் திறந்து, இருப்பதிலேயே பெரிய கத்தரிக்கோலை எடுத்து நிதானமாகத் தீட்ட ஆரம்பித்தாள்.